பெஞ்சு சீட்டிலிருந்து மின்சார சீட் வரை: நம் நிறுத்தத்து அம்பாசடர் சொல்லும் வரலாறு



நம் கார் நிறுத்தத்தில் தூணோரமாக நிற்கும் வெள்ளை அம்பாசடரைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. பள்ளி வேன் வருவதற்குள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும் பிள்ளைகளும் உண்டு. அதன் சொந்தக்காரர் மூன்றாம் மாடி சார். இரண்டு மாதங்களுக்கு முன் அதில் ஒரு புதிய காரின் மின்சார சீட்டைப் பொருத்த முனைந்தார். காரணம் ஆடம்பரமல்ல. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. ஸ்பிரிங் அமுங்கிப்போன பழைய சீட்டிலிருந்து எழ முடியவில்லை. "வண்டிய விக்க மனசு வரல சார், அவங்கள விட்டுட்டுப் போகவும் முடியல" என்றார். அந்த முயற்சியில் நடந்ததைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957இல் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் அதன் மூலம். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஏறக்குறைய ஒரே உருவம். தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர் பக்கம் பெல் ஆலை வந்து, காட்டூர் ஊராக இருந்து நகரமாக மாறிய காலமெல்லாம் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து நின்றது இந்தக் கார்தான்.

அதன் முன் இருக்கை ஒரே நீளப் பெஞ்சு. கியர் ஸ்டியரிங் ஓரத்தில் இருந்ததால் முன்னே மூன்று பேர் உட்காரலாம். ஆனால் பெஞ்சு சீட்டில் ஒரு சங்கடம். குள்ளமான ஓட்டுநர் அதை முன்னே இழுத்தால் கூட உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து முன்னே வர வேண்டும். ஆள் உட்கார்ந்த பெஞ்சை நகர்த்துவது லேசான வேலையுமல்ல.

மின்சார சீட் பிறந்ததே இந்தச் சங்கடத்தில்தான். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் விலை உயர்ந்த கார்களில் பெஞ்சை நகர்த்த எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு அந்த இடத்தை மின் மோட்டார் பிடித்தது. 1955இன் ஃபோர்டு தண்டர்பேர்டில் முன்பின், மேல்கீழ் என நான்கு பக்கமும் நகரும் மின்சார சீட் வந்தது. 1957இன் காடிலாக் எல்டொராடோ புரோம் காரிலோ, ஓட்டுநரின் இருக்கை நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியே இருந்தது. அதாவது, நம் அம்பாசடர் பிறந்த அதே ஆண்டில்!

அப்படியென்றால் அம்பாசடரில் ஏன் இல்லை? விலை ஒரு காரணம். மின்சாரம் இன்னொரு காரணம். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ, வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போதே சுமார் 20 ஆம்பியர்தான் தரும். அதில் ஹெட்லைட், இக்னிஷன், ஹார்ன், வைப்பர் எல்லாம் ஓட வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது அதுவும் கிடையாது. ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ். பல வயர்களுக்கு ஃபியூஸே இல்லை. தொடக்க காலக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் இது நேர்மாறு. சாதாரண மோட்டார் என்றால் திசை மாறிச் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் நினைவு வசதியுள்ள சீட்டின் மின்னணுப் பலகை ஒரே நொடியில் போய்விடும்.

இனி நம் கதை. முதலில் வந்த எலக்ட்ரீஷியன், வேலை சுருக்கமாக முடியட்டும் என்று டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடிய பழைய வயர் ஒன்றிலிருந்து இணைப்பு எடுத்துக் கொடுத்தார். சீட் நகர்ந்தது, எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் தரைவிரிப்பு தண்டவாளத்தில் சிக்கி சீட் நின்றுவிட்டது. தெரியாமல் சுவிட்சை அழுத்திப் பிடித்திருந்தார்கள். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், சுற்றும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மெல்லிய வயர், நடுவில் ஃபியூஸ் இல்லை. புகை வந்தது. சார் பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றியதால் தப்பித்தோம். பக்கத்தில் இரண்டு கார்கள், எதிரே பெட்ரோல் நிரம்பிய ஸ்கூட்டர்கள், மேலே நாம் எல்லோரும்.

இரண்டாம் முறை வேலை முறையாக நடந்தது. பேட்டரியிலிருந்து நேராகத் தனித் தடித்த வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம். எர்த்துக்கும் அதே தடிமன் வயர். சீட்டின் கீழிருந்த மஞ்சள் உறை இணைப்பான் ஏர்பேக்குக்கு உரியது. அதை யாரும் தொடவில்லை. போல்ட்டுகளுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துத் தளத்தைப் பலப்படுத்தினார்கள். விபத்தில் சீட்டோடு ஆளைப் பிடித்து நிறுத்துவது அந்தப் போல்ட்டுகள்தானே!

சட்டப் பக்கமும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கும் விவரம். மூவர் அமரும் பெஞ்சை எடுத்துவிட்டுத் தனிச் சீட் போட்டால் எண்ணிக்கை மாறலாம். ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவு, வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவு பெற்றால் தினசரி ஓட்டவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்கு அது பொருந்தாது.

சார் பழைய பெஞ்சைத் தூக்கிப் போடவில்லை. உறை போட்டு வீட்டு பால்கனியில் வைத்திருக்கிறார். புதிய ஓட்டைகளும் முடிந்தவரை குறைவு. நாளை யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் மாற்றலாம். பழைய வண்டியில் கை வைப்பவர்கள் பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம் இது என்று தோன்றுகிறது.

நமக்கு ஒரு வேண்டுகோள். சீட், ஸ்பீக்கர், கேமரா, விளக்கு என எதைப் பொருத்தினாலும் "ஃபியூஸ் எங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொருத்திய முதல் சில நாட்கள் நிறுத்தத்தில் வைக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றி வையுங்கள். தீயணைப்பான் எந்தத் தூணில் இருக்கிறது என்று இன்றே ஒரு முறை போய்ப் பார்த்து வாருங்கள்.

போன ஞாயிறு மாலை அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். சுவிட்சை அழுத்தினார்கள். சீட் மெல்ல உயர்ந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார்கள்.