காலனி, பஞ்சமி, குடியரசு: சில சொற்களின் வரலாறு



1776இல் விடுதலையை அறிவித்த 13 அமெரிக்கப் பகுதிகளும் அதுவரை காலனிகள். அறிவித்ததும் அந்தப் பெயரைத் தூக்கியெறிந்துவிட்டு மாநிலங்கள் ஆயின. நம் வேப்பூர், விருத்தாசலம் பக்கம் காலனி என்றால் என்ன பொருள் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஒன்று, காலனி ஒன்று. இறங்குமிடத்தைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான்.

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மக்களின் பெயரால் தொடங்குகிறது. அதே சட்டம் அடிமைகளை எண்ணும்போது ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டது. அந்த மூன்றும் அவர்களுக்கு ஓட்டாக வரவில்லை. ஆண்டைகளின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களாகப் போனது. ‘அடிமை’ என்ற சொல்லையும் எழுதவில்லை, ‘மற்ற ஆட்கள்’ என்று நாசூக்காக முடித்துக்கொண்டார்கள். அடிமைமுறை என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்தது 1865இல், அதை ஒழித்த 13ஆம் திருத்தத்தில்.

நம் கதையில் சொல்லை மறைக்கவில்லை, தலையில் சுமத்தினார்கள். நான்கு வருணத்துக்கும் வெளியே ஐந்தாவது என்ற பொருளில் ‘பஞ்சமர்’ வெள்ளை அரசின் கோப்புகளில் ஏறியது. நம் முன்னோர் தந்த பதில் ஒன்றல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவென்று ஏசிய சொல்லைத் தலைப்பிலேயே அச்சடித்து விற்பதென்றால் சும்மாவா! அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயர் ஒப்பவில்லை. 1907இல் அவர் தொடங்கியது ‘ஒரு பைசாத் தமிழன்’. நாம் பண்டிதர் பக்கம்தான் சாய்கிறோம். தமிழன் என்பதைத் தனதாக்கிக்கொண்டவரிடம் மற்றவர்கள்தான் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

எம்.சி. ராஜா வலியுறுத்தியதன்பேரில் 1922இல் ‘ஆதி திராவிடர்’ அரசுப் பெயரானது. பஞ்சமர் ஏட்டிலிருந்து போனாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின், 1892 ஆணையின் வழி வந்த நிபந்தனை நிலங்களை இன்றும் பஞ்சமி நிலம் என்கிறோம். பிற வகுப்பார்க்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிலம் யார் கையில் இருக்கிறதென்று ஊரறியும். பழைய சொற்களில் நாம் விடக் கூடாதது இது ஒன்றுதான். மீட்பு மனு எழுத அது வேண்டும்.

அம்பேத்கர் 1942இல் அமைத்த கட்சியின் பெயரில் பட்டியல் சாதி இருந்தது. அதைக் கலைத்துவிட்டு எல்லோருக்குமான குடியரசுக் கட்சி காண வேண்டுமென்பது அவர் திட்டம். அவர் மறைந்தபின் 1957இல் அது பிறந்தது. பட்டியலில் ஓரிடம் கேட்டவர்கள், நாட்டின் பெயரையே தங்கள் பெயராக்கினார்கள்.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். காலனிக்குப் புதுப் பெயர் வைப்பதென்றால், தீர்மானத்தை அந்தத் தெருக்காரர்களே எழுதி எடுத்துப் போகட்டும். பஞ்சமி நில மனுவையும் கையோடு கொண்டுபோகலாம்.