மனு எண் 2493

அமெரிக்காவில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் வழங்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் முன், 1974-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெரமி லான்ஸ்மன், லோரென்ஸோ மைலம் என்னும் வானொலித்துறையினர் இருவர் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தனர். கல்விக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகள் அந்நோக்கத்திற்கே பயன்படுகின்றனவா என்று விசாரிக்க வேண்டும் என்பதும், அதுவரை மத ஸ்தாபனங்களுக்கும் அரசாங்க அமைப்புகளுக்கும் அவ்வலைவரிசைகளில் புதிதாக உரிமம் வழங்குவதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதுமே அவர்களுடைய பிரார்த்தனை. ஆணையத்தின் பதிவேட்டில் அம்மனு 2493 என்னும் எண்ணைப் பெற்றது. மத விஷயத்தில் நடுநிலை வகிக்குமாறு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தன்னைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறி, 1975 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆணையம் அதை நிராகரித்துவிட்டது.

ஆனால், அதற்குள்ளாகவே வேறொரு கதை தேவாலயந்தோறும் பரவியிருந்தது. பொதுப் பள்ளிகளில் பைபிள் ஓதும் சடங்கு சாசனத்திற்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்குகளுள் ஒன்றைத் தொடுத்தவர் என்ற முறையில் பக்தர்களின் கோபத்திற்கு இலக்காகியிருந்த நாஸ்திகப் பிரசாரகர் மடலின் மர்ரி ஓஹேர் அம்மையார், இப்போது மத ஒலிபரப்பு முழுவதையுமே தடைசெய்ய மனுப்போட்டிருக்கிறாராம்! அம்மையாருக்கும் அம்மனுவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், ஊரறியாத இருவரைக் காட்டிலும் ஊரெல்லாம் அறிந்த ஒரு விரோதியே கதைக்கு வசதியாக இருந்தார். அரசாங்க அமைப்புகளைப் பற்றிய பகுதி அடியோடு மறைந்தது. எண் ஒன்று மட்டும் பிழையின்றி நிலைத்து, பொய்க்கு அத்தாட்சியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை வானொலியில் கேட்டு ஆறுதலடையும் நோயாளிகளும் முதியோரும் இனி என் செய்வர் என்று உருக்கமாகக் கேட்டு இக்கதையைப் பரப்பிய சங்கிலிக் கடிதம் ஒன்று, ஆட்சேபத்தில் கையொப்பமிட்டு, உறையின் மேல் மறவாமல் 2493 என்று குறித்து, வாஷிங்டனுக்கு அனுப்புமாறும், பிரதியெடுத்து மற்றவர்களுக்கு வழங்குமாறும் வேண்டிற்று. ஆணையத்தில் கோடிக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. மறுப்பறிக்கைகள் பலமுறை வெளியாகியும் பயனில்லை. தொண்ணூறுகளில் தபாலுறை மின்னஞ்சலாக மாறியபோது, ‘டச்ட் பை ஆன் ஏஞ்சல்’ என்னும் தொலைக்காட்சித் தொடரும் நிறுத்தப்படப்போகிறது என்ற புதிய பீதி சேர்ந்துகொண்டது. 1995-இல் காணாமற்போன ஓஹேர் அம்மையார் கொலையுண்டது 2001-இல் அவருடைய எலும்புகள் கிடைத்து உறுதியான பின்னரும், அவர் மனுப்போட்டிருப்பதாகவே செய்தி உலவியது.

இக்கடிதத்தை அனுப்பியவர்கள் வஞ்சகர்கள் அல்லர். பெரும்பாலோர் தம் சமயத்தைக் காக்கும் கடமையை நிறைவேற்றுவதாகவே மனப்பூர்வமாக நம்பியவர்கள். ஆணையத்தின் மறுப்பைப் படித்தவருக்கு அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடிதத்தைப் படித்தவருக்கோ, ஒரு கையொப்பத்தையும் ஒரு தபால்தலையையும் கொண்டே நடத்தி முடிக்கத்தக்க ஒரு தர்மயுத்தம் காத்திருந்தது. உண்மை ஆண்டுக்கணக்கில் தோற்றதற்குக் காரணம், அதனிடம் சான்று இல்லாமை அன்று. பக்தனின் கைக்குக் கொடுக்க அதனிடம் வேலை இல்லாமையே.