வால்டர் காஃப்மன்: அறையிசையும் வானொலியும்

அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவராகக் கருதப்படும் வால்டர் காஃப்மன், இன்றைய செக் நாட்டின் கார்லோவி வாரி நகரில் 1907-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினிலும் பிராகிலும் கல்வி கற்றார். 1933-இல் ஜெர்மனியில் நாஜி ஆட்சி ஏற்பட்டதும் யூதக் கலைஞர்களுக்கு அங்கு மேடைகள் அடைபட்டன. 1934-இல் காஃப்மன் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அங்கு அவர் அறையிசைச் சங்கம் ஒன்றை நிறுவினார். அறையிசை என்பது ஒரு சில கலைஞர்கள், நடத்துநர் இல்லாமல், சிறிய கூடத்தில் வாசிக்கும் மேலை இசை. காஃப்மன் பியானோ வாசிக்க, மெஹ்லி மேத்தா வயலினும் எடிஜியோ வெர்கா செல்லோவும் வாசித்தனர். புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தா, மெஹ்லியின் மகன்.

இந்திய இசை முதலில் காஃப்மனுக்கு விளங்கவில்லை. குறை தம்மிடமே உள்ளது எனக் கருதி அதைக் கற்றார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேலை இசைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார்.

தம்புராவின் சுருதி மேல் வயலின் இழையும் அந்த அடையாள இசை, அதிகாலையில் சிதம்பரம், புவனகிரி வட்டார வீடுகளிலும் ஒலித்தது. பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான காஃப்மன், தென்னிந்திய இராகங்களைத் தொகுத்து எழுதிய நூல் 1976-இல் வெளியானது. அடைக்கலம் தேடி வந்தவர், அடைக்கலம் தந்த நாட்டின் இசைக்கே ஆய்வாளரானார்.