கணக்குப்பிள்ளை மேஜையை வீட்டுக்குக் கொண்டுவருதல்

பழைய எழுத்து மேஜைக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள், அதிலும் கொஞ்சம் படிக்கிற, கொஞ்சம் எழுதுகிற நம் நண்பர்கள், ஹால் மூலைக்குப் பழசாக ஒன்று வேண்டும் என்று கிளம்புகிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்காரர்களும் இதற்காகக் காரைக்குடிப் பழைய சாமான் கடைகள் வரை போகிறார்கள். கடையில் 'செக்ரட்டரி டெஸ்க்' என்கிற பெயர் கேட்கிறது. காட்டப்படுவது பெரும்பாலும் நம்மூர்க் கணக்குப்பிள்ளை மேஜை. சரி, பெயரில் என்ன இருக்கு என்று விட்டுவிடலாமா? முடியாது. எந்த மேஜையை எடுப்பது என்கிற கேள்வியே அந்தப் பெயருக்குள்தான் கிடக்கிறது.

ஐரோப்பிய செக்ரட்டரி உயரமான சாமான். கீழே இழுப்பறைகள், நடுவில் முன்பக்கமாகக் கீழிறங்கித் திறக்கும் பலகை, அதுவே எழுதும் தளம். மூடிப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு நாற்காலி வேண்டும். கணக்குப்பிள்ளை மேஜை அப்படியில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் மடிக்கு மேல் வருகிற உயரம்தான். எழுதுகிறவர் பக்கமாகச் சரிந்த மூடி, தூக்கினால் கீழே பெட்டி, மேல் விளிம்பில் மைக்கூடு நிற்க ஒரு சமதளப் பட்டை. உள்ளே சில்லறைக்குத் தட்டுகள். சிலதில் ஒரு கள்ள அறை. முன்னது நாற்காலிக்காரனின் மேஜை, பின்னது தரைக்காரனின் மேஜை. பூட்டு மட்டும் இரண்டுக்கும் பொது.

செக்ரட்டரி என்கிற சொல்லுக்குள்ளேயே ரகசியம் உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் ரகசியம் காப்பவன் என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை' என்று ஓர் அதிகாரி வருகிறார். மந்திரம் என்றாலும் மறைவான ஆலோசனைதான். ராஜா வாயால் சொன்னது அவர் கையால் ஓலையாகும். ஆனால் அவருக்கு மேஜை தேவைப்படவில்லை. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. திண்ணையானாலும் மரத்தடியானாலும் எழுதலாம். தாளும் மையும் வந்த பிறகுதான் பலகை கட்டாயமாயிற்று. மேஜை, பேனா, சாவி, அலமாரி நான்குமே போர்த்துகீசியர் கொடுத்துவிட்டுப் போன சொற்கள் என்பது தற்செயல் இல்லை. 'பீரோ' இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் அது எழுத்து மேஜை; பிறகு அலுவலகம்; பிறகு அதிகார வர்க்கத்துக்கே அந்தப் பெயர். நம்மிடம் வந்தபோது நகையும் பட்டுப்புடவையும் வைக்கிற இரும்பு அலமாரியாகிவிட்டது. எழுத்து உதிர்ந்துபோய்ப் பூட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. (இதற்கெல்லாம் ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. கர்ணத்திடம் பட்டா கேட்டுப் போய் நின்ற எந்தச் சம்சாரிக்கும் தெரிந்த விஷயம்தான்.)

கிழக்கிந்தியக் கம்பெனியில் கடைநிலை உத்தியோகஸ்தனுக்கு 'ரைட்டர்' என்று பெயர். அவர்களுக்கும் அவர்களுடைய துரைகளுக்கும் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் தந்தம் பதித்த பீரோக்களைச் செய்து கொடுத்தார்கள். இன்றைக்கு அவை மேல்நாட்டு மியூசியங்களில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1874இல் உட்டன் என்பவர் கதவைப் போல இரண்டு பக்கமும் விரிகிற, ஏகப்பட்ட அறைகள் கொண்ட ஒரு மேஜைக்குக் காப்புரிமை வாங்கினார். வியாபாரம் பெருத்துக் காகிதம் குவிந்த காலம் அது. அடுத்த வருஷம், 1875, ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் தொடங்கியது. ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, பெயர் கலெக்டருடையது. அதே 1875 மே மாதம், பூனா ஜில்லாவின் சூபாவில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் கடைகளிலும் வீடுகளிலும் புகுந்து கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் தீயில் போட்டார்கள். தக்காணக் கலகம் என்கிறது சரித்திரம். அவர்கள் தேடிப் போனது பெட்டிக்குள் இருந்த தாளை. ஓரிடத்தில் காகிதம் ஊருக்குப் பொதுவாகிறது, இன்னோரிடத்தில் காகிதத்தை ஊரே எரிக்கிறது. எழுத்து மேஜையைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த ஒரு வருஷத்தையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இனி நம்ம இரண்டு ஊர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் காகிதத்தின் குணம் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ஊர், தாலுகா ஊர், கோர்ட்டு ஊர். 1985இல் விருதுநகரைத் தலைநகராக வைத்து மாவட்டம் பிரிந்த பிறகும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே எழுதப்பட்டது நிலம்: பத்திரம், பட்டா, குத்தகை, வாய்தா. ராஜபாளையத்தில் எழுதப்பட்டது பருத்தி: எடை, தரகு, முன்பணம், வட்டி. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்குகிறார். மில் ஆபீஸ் என்பது நாற்காலி உலகம். மண்டி தரை உலகம். ஒன்று வந்ததும் மற்றது போய்விட்டது என்று எழுதினால் வாசிக்கச் சுகமாக இருக்கும், நடந்தது அப்படியல்ல. மில்லுக்குப் போகும் பஞ்சுக்கு விலை பேசும் இடத்தில் சம்மணமிட்ட கணக்குப்பிள்ளை ரொம்ப காலம் அசையாமல் இருந்தார்.

கிராமத்தில் அவர் பெயர் கர்ணம். அவருடைய இடத்தை 1895ஆம் வருஷத்து மெட்ராஸ் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் கெட்டிப்படுத்தியது. அப்பா எழுதினால் மகன் எழுதுவான். சட்டத்தின் அந்தப் பரம்பரை உரிமைப் பிரிவு சமத்துவத்துக்கு விரோதமானது என்று 1960 டிசம்பரில், ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளையே ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலர் பரீட்சை எழுதி வந்தவர், இரும்பு மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். கர்ணம் வீட்டுச் சாய்வு மேஜைக்கு வேலை போயிற்று. நீங்கள் 'ஆன்டிக்' என்று விலை பேசுகிற சாமான்களில் ஒன்றிரண்டாவது அந்த நவம்பரில் வேலையிழந்ததாக இருக்கலாம்.

மேஜையின் இன்னொரு வழி கடல் தாண்டியது. நகரத்தார் கிட்டங்கிகளில் ஒவ்வொரு மார்க்காவுக்கும் தரையில் ஒரு இடம், ஒரு பெட்டி. மேலாள், அடுத்தாள், அதற்குக் கீழே 'பெட்டியடிப் பையன்'. ஊரை விட்டுப் போன சிறுவனின் பதவிப் பெயரே பெட்டியின் அடிதான். மேடானுக்கு வேலைக்குப் போன ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் அந்த உலகத்திலிருந்து முளைத்தவை. பர்மாவின் கீழ்ப்பகுதியில் நெல் நிலத்தில் செட்டியார்கள் கைக்குப் போனது 1930இல் 6 சதவீதம் அளவு, 1937இல் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் நின்றது, நிலம் பேரேட்டில் இடம் மாறியது. பர்மாத் தேக்கு என்று தடவிப் பார்க்கிறோமே, அந்த மரம் வளர்ந்த நாட்டின் வயல்களே இப்படிப்பட்ட பெட்டிகளின் மேல்தான் கைமாறின.

எதிர்ப்பக்கம் யார் இருந்தார்கள்? ஒரு பெருவிரல். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். அது கைநாட்டாகி ஊர் ஊராகப் பரவியது. மேஜைக்கு உள்பக்கம் எழுதத் தெரிந்த சாதி. வெளிப்பக்கம் நின்றவரில் பாதிப்பேர் தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று வாசிக்கத் தெரியாதவர். அவர்களிலும் சிலர் வாசலைத் தாண்டி வரமுடியாதவர். பெண்கள் கணக்குக்கு மேஜையே கிடையாது. அடுப்படிச் சுவரில் பால் கணக்கு கரிக்கோடாக நிற்கும், வெள்ளையடித்தால் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் வாங்கலாமா? வாங்கலாம். எதை வாங்குவது என்பதில்தான் விஷயம். முதலில் காலைப் பாருங்கள். குட்டையான மேஜைக்கு நாலு புதுக்கால் ஒட்டி 'ஸ்டடி டேபிள்' ஆக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அது தரையில் உட்கார்ந்தவரின் உயரத்தையே அழித்த காரியம். மூடியைத் தூக்கி மூலைகளைப் பாருங்கள். கைவாளால் அறுத்த பல்லிணைப்பு ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெஷின். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களுக்கு அப்புறம் வந்த சரக்கு. அது இருந்தால் ரிப்பேர் நடந்திருக்கிறது அல்லது மேஜையே புதுசு. தோதகத்தி என்று சொன்னால் ஒரு பக்கத்தைத் தூக்கி கனத்தைப் பாருங்கள், தேக்குக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியதும் உண்டு. அடிப்பலகையைக் கவிழ்த்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், அங்கே யாரும் பாலிஷ் போடுவதில்லை. சரிவுப் பலகையில் மணிக்கட்டு தேய்ந்த பள்ளமும் மைக்கறையும் இருந்தால் அதுதான் மேஜை. வழுவழுவென்று இழைத்து வார்னிஷ் ஏற்றியதற்குத்தான் அதிக விலை சொல்வார்கள். கறை உள்ளதைக் கேளுங்கள், விலையும் குறையும்.

ஆனால் மரத்தை விட முக்கியமாக ஒன்றைக் கேட்க வேண்டும்: 'உள்ளே இருந்த தாளெல்லாம் எங்கே?' 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி மேஜை போன்ற பொருளுக்கு நூறு வயது ஆனால்தான் தொல்பொருள். சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 போதும். சட்டமே தாளை மரத்துக்கு முன்னால் வைத்திருக்கிறது. நாமோ பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம், சிட்டையும் பேரேடும் எடைக்குப் போகிறது. யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார், எந்தக் குளத்துக்குக் கீழே எந்த வயல் யார் பெயரில் இருந்து யார் பெயருக்குப் போனது, கூலி எத்தனை படி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடித்தள மக்கள் சரித்திரம் எழுத வேண்டும் என்று பேசுகிற நாம், எதிரி கையெழுத்தில் என்றாலும், அவர்கள் பெயர் விழுந்திருக்கிற ஒரே இடத்தைக் கிலோ கணக்கில் விற்க விடுகிறோம். மேஜைக்குப் பேசும் விலையில் கொஞ்சத்தை அந்தக் கட்டுக்குக் கொடுங்கள். கிடைக்காவிட்டால், பெட்டியின் கள்ள அறையையாவது திறந்து பாருங்கள்.

கட்டு கிடைத்தாலும் வாசிப்பது லேசல்ல. உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே தமிழ் எண்கள், கூடவே பின்னக் குறிகள்: மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தபிறகு கடைகளிலும் இந்தக் குறிகளுக்கு வேலை குறைந்தது. அதற்கு முன்னால் கடையிலோ திண்ணையிலோ உட்கார்ந்து இதைப் பழகியவர்களுக்கு இன்று எண்பது வயதாவது இருக்கும். மேஜை வாங்கப் போகும்போது அப்படி ஒரு பெரியவர் கிடைத்தால் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். தச்சரை அடுத்த தடவை கூட்டிப் போகலாம்.