குழு உளச்சிகிச்சை

குழு உளச்சிகிச்சை என்பது உளச்சிக்கல் உடைய சிலர், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரின் வழிகாட்டலில் கூடிப் பேசி நலம்பெற முயலும் முறையாகும்.

வரலாறு

1905 இல் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் பிராட் காசநோயாளருக்கு நடத்திய வகுப்புகள் இதன் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரில் உளப்பாதிப்புற்ற வீரர்கள் மிகுந்தும், மருத்துவர்கள் குறைந்தும் இருந்தமையால் இம்முறை பரவியது.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் தொடங்கிய உளநல மையத்தில், நோயாளருடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் வழக்கம் ஏற்பட்டது. சென்னையில் 1980 இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயாளருக்குக் குழுச் சிகிச்சையும் அவர்தம் குடும்பத்தினருக்குத் தனிப் பயிற்சியும் அளிக்கிறது.

நடைமுறை

பொதுவாக ஒரு குழுவில் ஆறு முதல் பன்னிரண்டு பேர் இருப்பர். அமர்வு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். தமக்கு மட்டுமே இத்துன்பம் என்னும் எண்ணம் நீங்குவதே இதன் முதன்மைப் பயன்களுள் ஒன்று. குழுவில் கேட்டதை வெளியே கூறாமை அடிப்படை விதியாகும். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்களில், இவ்விதி மீறப்படுமோ என்ற அச்சமே பலரைத் தயங்கச் செய்யக்கூடும். கடும் உளப்பிறழ்வு நிலையில் உள்ளோருக்கு மருந்தும் தனிச் சிகிச்சையும் முதலில் தேவைப்படும்.