வண்டி ஏறிய ஆம்ப்ளிஃபயர்

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் ஆம்ப்ளிஃபயர் வண்டியில் ஏறியது அறிவிப்புக்காக. பாட்டு பிறகுதான் வந்தது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிச் சிறு கிராமங்கள் பரவிக் கிடக்கின்றன. தேர்தல் பிரசாரமானாலும், டூரிங் டாக்கீஸின் புதுப்படமானாலும், திரௌபதி அம்மன் கோயிலின் பாரதக் கூத்தானாலும் செய்தியை வீதி வீதியாகக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தமுக்கும் மாட்டு வண்டியும் செய்த அந்த வேலையை ஜீப்பும் வாடகைக் காரும் ஏற்றுக்கொண்டபோது, கூரைமேல் குழாய் ஸ்பீக்கரும் பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரும் வந்து உட்கார்ந்தன.

மேடைக்கு மைக் அதற்கு முன்பே வந்துவிட்டது. சுதந்திரப் போராட்டக் காலக் கூட்டங்களின் புகைப்படங்களில் மைக்கின் மேல் தெரியும் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் பம்பாய் நிறுவனம் ஒன்றினுடையது. 1940இல் டெல்லியில் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் கருவிகள் பின்னாளில் தமிழ்நாட்டு மைக் செட் கடைகள் எங்கும் பரவின. ஆனால் மேடையில் ஒழுங்காக வேலை செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வண்டியில் திணறியது. வால்வுக்கு 250 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வண்டி பேட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். வைப்ரேட்டர் என்ற அதிரும் தொடுப்பையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் கொண்டுதான் அந்த மின்னழுத்தத்தை உயர்த்தினார்கள். வழியிலேயே நிறைய மின்சாரம் வீணானது. இ.எல்.34 ரக வால்வு ஒன்றின் இழையைச் சூடாக்க மட்டுமே 9 வாட்டுக்கு மேல் செலவாகும். பேசாமல் இருந்தாலும் அந்தச் செலவு நிற்காது. ஆம்ப்ளிஃபயரின் விலையை எப்படியாவது சமாளித்தவர்களையும் பேட்டரிதான் மடக்கியது.

இந்த முடிச்சை அவிழ்த்தது டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் 15 ஆம்பியர் வரை தாங்கும்; 12 வோல்ட்டிலேயே ஓடும். சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி, சிறு பட்டறைகளில் ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்த மெக்கானிக்குகளுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது அதுதான். வீட்டு மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி என்று இரண்டிலும் ஓடும் மாடல்கள் சவுண்டு சர்வீஸ்காரர்களின் அன்றாடக் கருவியாயின.

அப்போது 30 வாட் ஆம்ப்ளிஃபயரே போதுமானதாக இருந்ததற்குக் காரணம் குழாய் ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அது 105 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும். கார் கதவில் பொருத்தும் ஸ்பீக்கர் 90 டெசிபெலை ஒட்டி நிற்கும். இந்த 15 டெசிபெல் வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 மடங்கு வாட் தேவை. குறைந்த செலவில் ஊரையே கேட்கவைத்த பெருமையில் பெரும்பங்கு அந்தத் தகரக் குழாய்க்கு உரியது. வாட் கணக்கை மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேசட் வந்ததும் தேவை மாறியது. பஸ், வேன், டிராக்டர் என எல்லாவற்றிலும் பாட்டு ஏறியது. குழாயில் பேஸ் வராது. பெட்டி ஸ்பீக்கரும் கூடுதல் வாட்டும் தேவைப்பட்டன. டி.டி.ஏ.2003 போன்ற ஐ.சி.க்கள் கார் ரேடியோவுக்கென்றே செய்யப்பட்டவை. விலை மலிவு, உதிரி பாகமும் குறைவு. ஆனால் 12 வோல்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இஞ்சின் ஓடும்போது பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட்டாலும், இரண்டு ஐ.சி.க்களை எதிரெதிராக இணைக்கும் பிரிட்ஜ் முறையில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 26 வாட்டுக்கு மேல் போகாது. தெளிவான ஒலியாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான். ஆனால் இத்தகைய கார் ஸ்டீரியோக்களின் முகப்பில் ‘50 வாட் x 4’ என்று அச்சிட்டார்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்டையும் எழுதினார்கள். கண நேரம் மட்டும் எட்டக்கூடிய உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அந்த எண், கையில் அளவான பணத்தோடு கடைக்கு வந்தவருக்கு இழைத்த அநியாயம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டை 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத ஒலிச்சிதைவு என்ற ஒரே நிபந்தனையில் அளக்கும் முறையை அமெரிக்கத் தொழில்துறை 2003இல்தான் வகுத்தது.

இதற்கிடையில் சட்டமும் வந்தது. 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒலி மாசு விதிகள், ஒலிபெருக்கிக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கி, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அதைத் தடை செய்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. விடிய விடிய ஆடும் தெருக்கூத்தை உயிராகக் கொண்ட வட்டாரத்தில் இது சிறிய மாற்றம் அல்ல. விழா நாட்களில் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை.

12 வோல்ட்டின் எல்லையைத் தாண்டத் தனிப் பெட்டியாக வந்த கார் ஆம்ப்ளிஃபயர், பேட்டரி மின்சாரத்தை வேகமாகத் துண்டித்து இணைத்து உள்ளுக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. பழைய வைப்ரேட்டர் செய்த அதே வேலையை இப்போது அசையும் பாகமின்றி மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் செய்கிறது. ஆம்ப்ளிஃபயர் சுற்றுகளில் ஏ.பி. வகை 100 வாட் தருவதற்கு 14 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டி வகைக்கு 9 ஆம்பியருக்குள் போதும். சிறிய பேட்டரி உள்ள காருக்கு டி வகை மலிவாக முடிவது இதனால்தான். இவ்வளவு மின்னோட்டம் ஓடுவதால், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். ‘கிட்’ என்று விற்கும் மலிவு வயரில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியமே இருக்கிறது. அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால், அதே மின்னோட்டத்துக்குச் செம்பு வயரைவிடத் தடிமனான வயர்தான் வாங்க வேண்டும்.