ஊர்ப் பெயரைப் பாடிய உழவர்

அமெரிக்க நாட்டின் தென்பால் மிசிசிப்பி என்றொரு மாநிலம் உண்டு. பருத்தியால் பெயர் பெற்ற நிலம் அது. அம்மாநிலத்தின் கரோல் வட்டத்தில், குன்றுகள் முடிந்து ஆற்றுச் சமவெளி தொடங்கும் எல்லையில், அவலான் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அரசர் ஆண்ட ஊருமன்று. போர் நடந்த களமுமன்று. ஆயினும், அவ்வூர்ப் பெயர் இன்று கடல் கடந்த நாடுகளிலும் இசையன்பர் நாவில் வழங்குகின்றது. அதற்குக் காரணமானவர் ஏர் பிடித்த கறுப்பின உழவர் ஒருவர். அவர் பெயர் ஜான் ஹர்ட். அவர்தம் வரலாற்றை ஈண்டு எழுத விழைகின்றோம்.

1865-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்ததென்று ஏட்டில் எழுதினர். பருத்திக் காட்டிலோ வேறு உருவில் அது தலைகாட்டிற்று. நிலமும் குடிசையும் விதையும் ஏர் இழுக்கும் கோவேறு கழுதையும் நிலக்கிழாருடையவை. உழைப்பு மட்டுமே குடியானவனுடையது. விளைச்சலில் ஏறக்குறையப் பாதி நிலக்கிழார்க்குப் போகும். எஞ்சிய பாதியிலும், ஆண்டு முழுதும் பண்ணைக் கடையில் கடனாக வாங்கிய மாவுக்கும் துணிக்கும் கழித்தது போக, ஆண்டிறுதியில் கையில் நிற்பது பெரும்பாலும் மீண்டும் கடனே. இது போதாதென்று, 1890-ஆம் ஆண்டு எழுதப்பட்ட மாநில அரசியற் சட்டம், தலைவரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் தடைகள் வைத்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது.

பண்ணைக் கணக்கெழுதியே பொழுது போக்கும் தொழிலினராகிய நாம் இவ்விடத்தில் ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. பேரேட்டில் உழைப்பாளி ஒருவனுக்கு உரிய இடம் ஒரே வரிதான். பெயர், நாள், தொகை என மூன்று கட்டங்கள். அவன் மாலையில் என்ன பாடினான் என்று எழுத நான்காவது கட்டம் எந்த நாட்டுப் பேரேட்டிலும் கிடையாது.

1890-களின் தொடக்கத்தில் பிறந்த ஹர்ட், சிறு பிள்ளையாயிருக்கும்போதே கித்தாரைக் கையிலெடுத்தார். ஆசிரியர் எவரும் அமர்ந்து கற்பிக்கவில்லை. தாமே தேடிக் கண்ட முறை அவருடையது. கட்டை விரல் தடித்த நரம்புகளில் மாறி மாறிக் கீழ்ச் சுருதியைத் தட்டிக்கொண்டேயிருக்கும். சுட்டு விரலும் நடுவிரலும் மெல்லிய நரம்புகளில் பாட்டின் மெட்டைத் தனியே வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இருவர் அமர்ந்து வாசிப்பதாகவே தோன்றும். குரலோ மிக மென்மையானது. மிசிசிப்பிப் பாடகர் பலர் தொண்டை கிழியப் பாடுகையில், இவர் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் பேசுவது போலவே பாடினார்.

‘புளூஸ்’ என்பது கறுப்பின மக்களின் துயர்ப்பாட்டு. ஓர் அடியைப் பாடி, அதனையே மறுமுறை பாடி, மூன்றாம் அடியில் விடை கூறி முடிப்பது அதன் பழகிய அமைப்பு. ஹர்ட் இவ்வமைப்புக்குள் மட்டும் அடங்கியவரல்லர். கொலைக் கதைப் பாட்டு, ஆடல் மெட்டு, கோயிற்பாட்டு, தொழிற்பாட்டு என அதற்கு முந்திய காலத்துச் சரக்கெல்லாம் அவரிடம் இருந்தது. சிறிது காலம் இரயில் பாதை வேலைக்குப் போனபோது உடனுழைத்தோர் பாடக் கேட்டதும் அவர் பாட்டாயிற்று. வார இறுதியில் ஊரார் கூடி ஆடும் இடங்களில் வாசிப்பார். திங்கட்கிழமை மீண்டும் வயல்.

அவ்வூரில் வில்லி நார்மர் என்னும் வெள்ளையர் ஒருவர் பிடில் வாசிப்பதில் வல்லவர். அவருக்குத் துணையாகச் சில வேளை ஹர்ட் கித்தார் வாசிப்பதுண்டு. இசைத்தட்டுக் குழுமங்களோ வெள்ளையர் இசைக்கு ஒரு பட்டியல், கறுப்பர் இசைக்கு மற்றொரு பட்டியல் என்று பிரித்து விற்ற காலம் அது. ஊரில் ஒன்றாய் ஒலித்ததைக் கடையில் இரண்டாகப் பிரித்தனர்! ‘ஓக்கே’ என்னும் குழுமம் நார்மரைப் பதிவுக்கு அழைத்தபோது, அவர் ஹர்ட்டின் பெயரையும் எடுத்துரைத்தார். 1928 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத்தில் எட்டுப் பாடல்கள் பதிவாயின. அவற்றுள் இரண்டே தட்டாக வெளிவந்தன. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்தனர். விற்பனைக்கு உதவுமென்று பெயருக்கு முன் ‘மிசிசிப்பி’ என்னும் அடைமொழியையும் குழுமமே சூட்டியது.

அந்த நெடிய நகரத்தில், குளிர்காலத்தில், ஹர்ட்டுக்கு ஊர் நினைவு வந்தது. ‘அவலான் புளூஸ்’ என்னும் பாட்டில் அவலானே தம் ஊர் என்பதைப் பெயர் சொல்லிப் பாடி வைத்தார். பெருநகரைக் கண்டு வியந்து அதனைப் புகழ்ந்து பாடியிருந்தால் பின்னர் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

தட்டுகள் மிகுதியாக விற்கவில்லை. 1929-இல் பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்தது; இசைத்தட்டு வாணிகம் சரிந்தது; ஹர்ட்டை மறுபடி அழைப்பாரில்லை. அவர் வயலுக்குத் திரும்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

1952-இல் ஹாரி ஸ்மித் என்பார் பழந்தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அவற்றுள் ஹர்ட் பாடியவை இரண்டு. இளைஞர் பலர் கேட்டு மயங்கினர். பாடியவர் இறந்திருப்பார் என்றே எண்ணினர். பின்னர் ‘அவலான் புளூஸ்’ இசையன்பர் சிலர் கைக்குக் கிட்டிற்று. அன்று கிடைத்த நிலப்படங்களில் அவலானைக் காணவில்லை; பழையதொரு நிலப்பட நூலில் அப்பெயர் அகப்பட்டது. 1963-ஆம் ஆண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் வெள்ளை இளைஞர் அங்கே சென்று கடையொன்றில் வினவினார். வினவிய அளவிலேயே வீட்டைக் காட்டிவிட்டனர்.

இதனை ‘மறைந்தவரைக் கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுவது வழக்கம். நமக்கு அச்சொல் உவப்பாயில்லை. அவர் எங்கும் மறையவில்லை. அவலானில் அவரை அறியாதார் யார்? அவரைத் தொலைத்தது வாணிகம், ஊரன்று.

வந்தவரைக் கண்டதும் முதியவர் அஞ்சினாராம். அரசாங்கத்துக் காவலரோ என்று ஐயுற்றாராம். அச்சத்தில் வியப்பில்லை. அதே ஆண்டு ஜூனில், அதே மாநிலத்தின் தலைநகரில், கறுப்பின மக்களின் உரிமைக்குழைத்த மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் கதவைத் தட்டினால் எதனை எண்ணுவது?

அப்போது ஹர்ட்டிடம் சொந்தமாய்க் கித்தார்கூட இல்லை. வந்தவர் கொடுத்த கருவியில் விரல்களை வைத்தார். மெட்டு அப்படியே இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் நியூபோர்ட் இசை விழாவில் பெருந்திரள் முன் பாடினார். வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் அவர் பாடல்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டது. எழுபது வயதில், உழவுத் தொழிலை விட்டுப் பாட்டினால் உண்ணும் நிலை முதன்முறையாக அவருக்கு வாய்த்தது.

அது மூன்றே ஆண்டுகள் நிலைத்தது. வாஷிங்டனில் சில காலம் வாழ்ந்தவர், மீண்டும் மிசிசிப்பிக்கே திரும்பினார். 1966 நவம்பர் 2-ஆம் நாள் கிரனடா என்னும் ஊரில் உயிர் நீத்தார். அவர் உடல் அவலானில் மரங்கள் சூழ்ந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.